இருபதாயிரம் அடி

சவுதியின் அல் கோபாரில் செல்வசிங்கின் கம்பெனி நடைப்போட்டி வைத்தது. வாட்ச்சில் அதிக அடி காட்டுகிறவருக்கு ஊருக்குப் போய்வர டிக்கெட். மூன்று மாதமாக முதலிடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் செல்வசிங்.

கூட வேலை பார்க்கும் ஜெகின், ரகசியம் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"இந்த வெயில்ல வெளிய எறங்க முடியல. டெய்லி இருபதாயிரம் அடி எப்பிடிண்ணே?"

"எல்லாம் வீட்டுக்குள்ளதான் மக்கா. இந்த வீடியோவப் பாரு. நின்ன எடத்துலயே ஓடணும், அம்பது தடவ உக்காந்து எந்திரிக்கணும். தொடை தேக்கு மாதிரி ஆயிரும்."

"ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன்."

"இன்னைக்குள்ளது முடிஞ்சாச்சுடே. ஓவராப் போனா தசை கிழிஞ்சிரும்" என்று சோபாவில் இன்னும் கொஞ்சம் சரிந்தார்.

"வாட்ச் எங்கண்ணே?"

"சார்ஜ்ல கெடக்கு. பாவம், நம்மளவிட அதுக்குத்தான் களைப்பு."

கதவு திறந்தது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேர நர்ஸ் டூட்டி முடித்து, கால் வீங்கி வந்து நின்றாள் மனைவி லீமா.

"லீமா, ஜெகினுக்கு ஒரு டீ போடு. அப்பிடியே எனக்கும்."

லீமா யூனிபார்ம் பையிலிருந்து அவருடைய வாட்ச்சை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இன்னைக்கு இருபத்திரெண்டாயிரம். நாளைக்கு எனக்கு ஆஃப். நீங்களே நடந்துக்கிடுங்க."