கூப்பிட்டால்தான் கேட்கும்

எங்கள் ஊர் கிளினிக்கில் இருக்கும் மொழிபெயர்ப்புப் பெட்டிக்கு எங்கள் பெனான் மொழியைக் கற்றுக்கொடுத்தது என் கணவர். அவர் இறந்ததும், மரியாதை செய்கிறோம் என்று பெட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது காது கொடுக்கும்.

இறந்தவர் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? மலாய் தெரியாதவர்கள், மலாய் மட்டுமே பேசும் டாக்டரிடம் வலிக்கும் இடத்தை விரலால் காட்டிவிட்டு, கிடைத்த மாத்திரையோடு திரும்புகிறார்கள்.

இன்று கூச்சிங் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி பெட்டியைக் கழற்ற வந்தார்.

“ஒரு வருஷமா யாருமே இதைக் கூப்பிடலையேம்மா?”

“செத்தவரை எப்படிங்க கூப்பிடுறது? வேற பேர் வைங்கன்னு எத்தனை தடவை சொன்னோம்!”

“வெறும் பேர்தானே? ஒரு தடவை சொல்லிட்டா என்ன?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குமேல் மலாய் வாயில் வரவில்லை. எங்கள் மொழியிலேயே அவரைத் திட்டித் தீர்த்தேன். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளினிக்கே அதிர்ந்தது.

அவர் பெட்டியின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

‘பெனான்: பேசுவோர் யாரும் இல்லை.’