வக்கீல் வீட்டுச் சம்பந்தம்

"வக்கீல் பிராங்கிளின் ஆள் எப்படிம்மா?" என்று சென்னையிலிருந்து வந்தவர் கேட்டதுமே, பக்கத்து வீட்டு தாஹிராவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வக்கீல் தன் மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார். இவர் பெண்ணைப் பெற்றவர்தான். முகம் தெரியாத அந்தப் பெண்ணை எப்படியாவது காப்பாற்றிவிடுவது என்று முடிவு கட்டினாள் தாஹிரா.

"நல்லா யோசிச்சுக்கங்கண்ணே. அவரு அப்பா எங்க சந்துல சுவரைத் தள்ளிக் கட்டினப்ப, கோர்ட்டுல எங்க பக்கம் சாட்சி சொன்னவரு. எங்களுக்கு நல்லதுதான், இல்லேங்கல. ஆனா பெத்த அப்பனுக்கே எரக்கம் காட்டலையே!"

"அப்புறம்?"

"பெருநாளைக்குப் பிரியாணி குடுத்து விட்டேன். தீர்ப்பு வரட்டும்னு அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு அம்புட்டுக் கோவம்! சொந்தம், பழக்கம் எதுக்கும் வளைஞ்சு குடுக்காத மனுசன். அங்க மருமகளா போறவ எப்படிண்ணே பொழைப்பா?"

வந்தவர் சிரித்துவிட்டார்.

"எனக்குப் பொண்ணே கிடையாதும்மா. ஹைகோர்ட்ல ஒரு ஜட்ஜ் ரிட்டயர் ஆகிறார். அந்த இடத்துக்கு இவர் பேர் போயிருக்கு. அதான் விசாரிக்கிறோம்."

தாஹிரா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அழுத்தமாகச் சொன்னாள்:

"அப்ப நான் சொன்னதுல ஒத்த வார்த்தை விடாம எழுதிக்கங்க."