அம்மாவின் கைத்தையல்

"இது உன் தையல் இல்ல. உங்கம்மா தைச்சுக் கொடுத்தது. ஒத்துக்கோ."

தையல் பரீட்சைக்காக வீட்டிலிருந்து வந்த நீலச் சட்டையை டீச்சர் மேசையில் எறிந்தார். எதிரே நின்ற பத்தாம் வகுப்பு மாணவி அதை எடுத்து, மடிப்பு நீவி, மறுபடி விரித்து வைத்தாள். வெட்டிப் பேசும் வாய் என்பதால் பள்ளியே அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடும்.

"நான்தான் தைச்சேன் மிஸ்."

"யாருக்குக் காது குத்துற? வருஷம் முழுக்க கிளாஸ்ல நீ தைச்சதெல்லாம் கோணல் மாணல். ஒரு தலையணை உறை நேரா வரல. பரீட்சைன்னதும் கை வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. தான் போட்டிருந்த சட்டையின் கை விளிம்பைத் திருப்பி, நீலச் சட்டையின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தார்.

"பாரு. ஒரு வருஷமா உங்கம்மா கடையிலதான் தைக்கக் கொடுக்கறேன். ஒரு சட்டைகூடப் பிரிஞ்சதில்ல. நூல் முடிச்சை மடிப்புக்குள்ள ஒளிச்சு, மேல மூணு குட்டித் தையல். இந்த ஊர்ல வேற யாரும் இப்படி முடிக்கறதில்ல. இல்லன்னு சொல்லு பாப்போம்."

கத்தரி நீலச் சட்டையைத் தன் பக்கம் இழுத்து மடித்தாள்.

"நாளைக்கு மார்க் லிஸ்ட் போகுது. இதுக்குப் பூஜ்யம் போட்டா டிசைன் பாலிடெக்னிக் வாசப்படியக்கூட நீ மிதிக்க முடியாது. சட்டைக்குப் போட்ட டிராயிங் உன்னோடதுன்னு எனக்குத் தெரியும், அதனாலதான் பொறுமையாப் பேசறேன். இந்தா ஊசி, நூல். என் முன்னாடி தைச்சுக் காட்டு."

"மாட்டேன்."

"ஏன்?"

"மாட்டேன்னா மாட்டேன். பூஜ்யம் போடறதுன்னா போட்டுக்கோங்க. அம்மா தைச்சதுன்னு எழுதினா மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பதினைந்து வயதில் இத்தனை திமிரா என்று டீச்சருக்கு ஆத்திரமாக வந்தது.

"உன்கூட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல. சாயங்காலம் கடைக்கு வரேன். உங்கம்மாவையே என் முன்னாடி ஒரு விளிம்பு தைக்கச் சொல்றேன். குட்டு தானா உடையும்."

"அம்மாவ இதுல இழுக்காதீங்க."

கத்தரி வெடுக்கென்று ஊசியைப் பிடுங்கினாள். ஒரே முயற்சியில் நூல் கோத்தாள். மேசையில் கிடந்த துண்டுத் துணியை மடித்துத் தைக்கத் தொடங்கினாள், தலை நிமிரவே இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிச்சு மடிப்புக்குள் போனது. மேலே மூன்று குட்டித் தையல் விழுந்தது.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"தப்பு என் மேலதான்மா. அப்படியே அம்மா கை. இத வச்சுக்கிட்டா கிளாஸ்ல கோணலாத் தைச்ச?"

"வேணும்னுதான் தைச்சேன். என் கைய நீங்க அடையாளம் கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னு. ஆனா பரீட்சைக்கும் கோணலாத் தைக்க எனக்கு மனசு வரல."

"நான் கண்டுபிடிச்சா என்ன?"

கத்தரி ஊசியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஸ்கூல் பொண்ணு தைக்கறான்னா யாரும் துணி கொடுக்க மாட்டாங்க. இனிமே தெரிஞ்சா தெரியட்டும் மிஸ். அம்மாவுக்கு விரல் மரத்துப் போயி ரெண்டு வருஷமாச்சு, அளவெடுக்க டேப் பிடிப்பாங்க, ஊசி பிடிக்க முடியாது; நீங்க போட்டிருக்கற சட்டை நான் தைச்சது."