பித்தளைப் பலகையும் அரசங்கன்றும்

கடைவீதியிலேயே மிகப் பழைய சுவரில் மரபுக் குழுவினர் ஒரு பித்தளைப் பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். அன்று முதல் சுவருக்குப் பலகைதான் காவல்.

மழை பெய்து ஓய்ந்த ஒருநாள், சுவரின் விரிசலில் ஓர் அரசங்கன்று இரண்டு இலை விட்டது.

"ஐயா பலகையாரே, இந்தப் பொடியன் எனக்குள் வேர் விடுகிறான். உயிர் போகிறது. பிடுங்கிப் போடக் கொத்தனார் வந்து நிற்கிறார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்றது சுவர்.

"குழுவின் அனுமதி இல்லாமல் உம்மேல் யாரும் கைவைக்கக் கூடாது. என்மேல் எழுதியிருக்கிறதே, படிக்கவில்லையா?"

"உங்கள் முதுகுதானே ஐயா என் பக்கம் இருக்கிறது?"

கொத்தனார் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பிறகு குழு வந்தது. இலைகள் சுவரின் தொன்மைக்கு அழகு சேர்ப்பதாகச் சொன்னது. அடுத்த கூட்டம்வரை எதையும் தொடக் கூடாது என்று முடிவெடுத்தது. கன்றோடு நின்று படமும் எடுத்துக்கொண்டது.

"பெரியப்பா, என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்!" என்று கன்று துள்ளியது.

"துள்ளாதேடா, விழுந்துவிடுவேன்," என்றது சுவர்.

அடுத்த மழையில் சுவர் விழுந்தது. செங்கல் குவியலின்மேல் பலகை குப்புற விழுந்தது.

"இப்போதாவது படிக்க முடிகிறதா?" என்று அதட்டியது பலகை.

"முடிகிறது ஐயா," என்றது குவியல். "நான் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று போட்டிருக்கிறது."