காராமணிக்கு விழுந்த திட்டு

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? பயறு வேகறதுக்கு முன்னாடியே உப்பைக் கொட்டுவியா?"

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனாலும் தங்கை புருஷனின் குரல் ஹால் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. சோபாவில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு டிவியில் என்ன ஓடுகிறது என்றே மனசில் பதியவில்லை.

தங்கை வீட்டுக்கு அவள் வந்து இறங்கியது அன்று காலையில்தான். "காராமணி போட்டு சாதம் பண்றேன்க்கா, நீ போய் உக்காரு" என்று தங்கை சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போது ஆரம்பித்த அர்ச்சனை இது.

"அவசரம்! எல்லாத்துலயும் அவசரம்! தீயைக் குறை. குறைன்னு சொல்றேன்ல!"

மாப்பிள்ளைக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யாரையாவது திட்டுவதற்குத்தான் சம்பளமே. அங்கே திட்டட்டும், யார் வேண்டாமென்றது? அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தால்?

"கரண்டி பிடிக்கிற லட்சணத்தைப் பாரு! இத்தனை வருஷமா அடுப்பு முன்னாடி நின்னு என்னத்தைக் கிழிச்ச?"

தங்கையிடமிருந்து பதிலே இல்லை. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் வாய்க்கு வாய் பேசியவள் அவள். அவளே வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்றால், எத்தனை நாளாக இந்தக் கூத்து நடக்கிறதோ!

அதுவும் எதற்குத் திட்டு? சமையலுக்கு! கல்யாணமான புதிதில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாமல் நின்ற தங்கைக்கு, போனிலேயே ஒவ்வொரு பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தவளே அக்காதான். "அப்படியே என் கைப்பக்குவம்!" என்று சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள்.

"அரிசியைப் போட்டாச்சு, பயறு இன்னும் கல்லு மாதிரி கிடக்கு. கண்ணுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? உன்னையெல்லாம் அடுப்பு பக்கம் விட்டதே தப்பு!"

பொறுத்தது போதும் என்று அக்கா எழுந்தாள். தங்கையை இன்றைக்கே தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். மாடி அறையை ஒழித்துத் தரச் சொன்னால் தன் வீட்டுக்காரர் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்?

படுக்கையறைக்குள் போய், கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் ஒரு பையில் திணித்தாள். கோபத்தில் மாப்பிள்ளையின் பனியன்களும் சேர்ந்து உள்ளே போயின. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சமையலறைக் கதவைத் தள்ளினாள்.

"போதும் மாப்பிள்ளை! நாங்க ஒண்ணும் நாதியத்தவங்க இல்ல. கிளம்புடி! இனிமே ஒரு நிமிஷம்கூட..."

வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு, வியர்த்து வழிந்தபடி அடுப்பு முன்னால் நின்றது மாப்பிள்ளை. தங்கை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, அரிசி டிரம்மின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, காதில் இயர்போனோடு செல்போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வேர்க்கடலை வேறு.

"ஐயோ, அக்கா!" தங்கை காலை இறக்கினாள்.

"இவர் இவ்வளவு நேரமா யாரைடி திட்டினார்?"

"அவரைத்தான். வேலையில திட்டித் திட்டிப் பழக்கமாயிடுச்சு. பக்கத்து சீட்டுல ஆள் இல்லைன்னா தன்னையே திட்டிக்குவார். ஷூ லேஸ் கட்டும்போதுகூட இதே பாட்டுதான்."

"மன்னிச்சிடுங்கக்கா, இன்னைக்குக் கொஞ்சம் ஓவரா திட்டிட்டேன் போல" என்று மாப்பிள்ளை நெளிந்தார்.

"அப்போ சமையல்?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பவுமே அவர்தான்க்கா. நீ போன்ல சொல்றதை நான் அப்படியே அவர்கிட்ட சொல்லிடுவேன். நீ என்னடான்னா ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையா சொல்லி வெச்சுட்ட. அக்கா மனசு உடைஞ்சுடக் கூடாது, கதவைச் சாத்திக்கலாம்னு இவர்தான் சொன்னார்."

அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தங்கமான மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள்! பையை மெல்லக் கீழே இறக்கினாள். எட்டிப் பார்த்த பனியனைக் காலாலேயே உள்ளே தள்ளினாள்.

"அதான் தெரிஞ்சு போச்சே. இனிமே நீங்கதான்க்கா காப்பாத்தணும்." மாப்பிள்ளை கரண்டியை அவளிடம் நீட்டினார். "பயறு வேகவே மாட்டேங்குது. அரிசியோ குழையப் போகுது. சொல்லிக் கொடுத்த குருவே வந்தாச்சு, எனக்கென்ன கவலை!"

அக்கா பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது போல ஒரு கணம் விழித்தாள்.

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை, வந்து சேர்ந்துட்டேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லவே மறந்துட்டேன்" என்று செல்போனோடு பால்கனிக்கு ஓடினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டுல காராமணி சாதம் பண்றப்போ, பயறு வேகலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"