கூடத்தில் ஒரு ஆட்டம்

"நல்லா பாருங்க. கண்ணாரப் பாருங்க!" என்று மடிக்கணினியைத் திருப்பி வைத்தார் தலைவர். கூடத்தில் புதிதாக மாட்டிய கேமரா முதல் வாரமே ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில்.

நிர்வாகக் குழுவினர் நாலு பேரும் முட்டிமோதி எட்டிப் பார்த்தார்கள். திரையில் வழிபாட்டுக் கூடம். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளுக்கவில்லை. கூடம் பெருக்குகிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கை தட்டிப் பாடியபடி சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

அதே அக்கா இப்போது கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சாமி முன்னாடி பல்லைக் காட்டிக்கிட்டு ஆட்டம் போட இது என்ன கல்யாண வீடா?" தலைவர் சீறினார். சீறியதில் இருமல் வந்துவிட்டது. "உங்க எல்லாருக்காகவும் விடியற்காலைப் பிரார்த்தனையில கத்திக் கத்தியே தொண்டை போச்சு. கொஞ்சம் வெந்நீர் கொடுங்க."

வெந்நீர் வந்தது. தொண்டை திறந்ததும், பக்தி என்றால் அடக்கம், அடக்கத்துக்குத் தானே உதாரணம் என்கிற ரீதியில் கால் மணி நேரம் பொழிந்து தள்ளினார். "இவங்களை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்துங்க. தலைமைன்னா ஒரு பொறுப்பு இருக்கில்ல?"

செயலாளரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, ஏன் இப்படிப் பண்ணே?"

"வேணும்னு பண்ணலீங்கம்மா. கூடம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. சாமி தனியா இருக்காரேன்னு ரெண்டு பாட்டு பாடினேன். பாடினா சந்தோஷம் வந்துடுது. சந்தோஷம் வந்தா கால் நிக்க மாட்டேங்குது."

"எப்பவுமே இப்படித்தானா?"

"ஐயோ, இல்லீங்கம்மா. ஐயா காலைப் பிரார்த்தனைக்கு வராத அன்னைக்கு மட்டும்தான்."

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கும் உடம்புதானே... என்னைக்காவது ஒருநாள் முடியாம போறதுதான்" என்று குழுவைப் பார்த்து இளித்தார். யாரும் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

செயலாளரம்மா பேனாவைத் திறந்தார். "அப்படி எத்தனை நாள் ஆடியிருப்பே?"

அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் போதவில்லை.

"வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து ஒருநாளும் விட்டதில்லீங்கம்மா."