பனிக்குப் பூட்டிய பள்ளிக்கூடம்

பனிப்புயலுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியது சரியா என்று ஸ்காபரோவின் தமிழ் வானொலி பெற்றோரைக் கேட்டது. தவயோகன்தான் முதல் ஆளாகத் தொலைபேசியில் முழங்கினார்.

"ஷெல்லடிக்குள்ளையும் படிச்ச இனம் நாங்கள்! உந்தப் பனிக்குப் பயப்பிடுறதோ?"

அடுத்து இணைப்பில் வந்த பெண் சிரித்தார். "அண்ணை, பஸ்ஸே ஓடேல்லை. பிள்ளையளை நீங்கள் தோளில காவுவியளோ?"

"காவுவன்! கல்விதான் எங்கட மூச்சு!"

தவயோகன் தொலைபேசியை வைத்ததும் கிருபன் கேட்டான். இருவரும் ஒரே நிலவறையில் வாடகைக்கு இருப்பவர்கள்.

"என்னண்ணை, ஊர்ப் பிள்ளையளின்ர படிப்பில இவ்வளவு அக்கறை?"

தவயோகனின் குரல் இறங்கிவிட்டது.

"இண்டைக்கு வெள்ளியடா. மகளின்ர தாய் வீட்டுப்பக்கம் நான் போகேலாது. வெள்ளியில பள்ளிக்கூட வாசலில மட்டும் பிள்ளையைப் பாக்கலாமெண்டு கோர்ட் சொன்னது. போன வெள்ளியும் பனிதான்."